பத்துக் கட்டங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கிறோம். மார்க் நன்றாக இருக்கிறது. பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்கும் பகுதிதான் காலியாகக் கிடக்கிறது. மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து காலையில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, அவரைக் குளிப்பாட்டுவது எல்லாம் இவன்தான். வேறு எதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்லிக்கொடுத்தான். கோவை ஆலோசகர், "இலவச வகுப்பு நடத்தற அமைப்போட நிறுவனர்னு போட்டுக்கலாமுங்க, எல்லாரும் போடறதுதானுங்க" என்கிறார். கொஞ்சம் கூட்டிப் போடுவது தவறா?

க.,
கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

தவறுதான். அது தெரிந்ததால்தான் கடிதமே எழுதியிருக்கிறீர்கள். மாட்டிக்கொள்வோமா என்பதை ஆலோசகரிடமே கேளுங்கள். 2019-ல் அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற ஆலோசகரின் குட்டு வெளிப்பட்டது. துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகுப் போட்டி வீரர்களாகக் காட்டியவர். பெற்றோர் சிலரும் சிறைக்குப் போனார்கள். அது பெரும் பணக்காரர்கள் கதை, விடுங்கள்.

என்னைக் கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருப்பது வேறு. போன வருஷம் ஒருவர் பதினொன்றாவது படிக்கும் மகளோடு வீட்டுக்கு வந்தார். மகளின் கவிதைத் தொகுப்புக்கு அணிந்துரை வேண்டுமாம். விண்ணப்பத்தில் 'நூலாசிரியர்' என்று போட. அவர் போன் பேச வாசலுக்குப் போன நேரத்தில், "இதுல உனக்கு எது பிடிக்கும் கண்ணு?" என்றேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிய ஒன்றைக் காட்டினாள். "இது ஒண்ணுதானுங்க நான் எழுதினது." சுமாரான கவிதைதான். ஆனால் சோளத்தட்டு நனைகிறதென்று அதில் ஒரு அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மற்ற பக்கங்களில் எல்லாம் மழை வானத்தின் கண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. அணிந்துரை தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நம் பக்கத்தில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் நமக்குச் சந்தோஷம். இங்கே இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு எவ்வளவு என்பதோடு சோலி முடிந்தது. அதற்காகவே நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் ஹாஸ்டலில் போட்டு வளர்த்தோம். வெளியூர்க்காரன் வேறு கேள்வி கேட்டதும் அதற்கும் விலைக்குப் பதில் கிடைக்குமா என்று கடை தேடுகிறோம். கிடைக்கவும் செய்கிறது. பணம் கட்டினால் 'உலக சாதனை' என்று மெடல் போட்டுவிடவே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு அந்தத் தலையெழுத்துகூட இல்லையே, அம்மிணி! பையன் செய்வதை எல்லாம் நீங்களே எழுதிவிட்டு, "வேறு எதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது" என்கிறீர்கள். எப்படி மனசு வந்தது? காமன் ஆப் என்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவாக இருக்கும் விண்ணப்பப் படிவத்தை ஆலோசகரிடம் விடாமல் நீங்களே திறந்து பாருங்கள். பத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் விவரிக்க 150 எழுத்து. என்ன வகைச் செயல் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'குடும்பப் பொறுப்புகள்' என்றே ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். இருட்டோடு எழுந்து கறந்து, கேனை வண்டியில் கட்டிக் கொண்டுபோய், கொழுப்புப் பார்க்க மாதிரி எடுக்கும்வரை வரிசையில் நின்று, திரும்பி வந்து வெந்நீர் விளாவி, ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்து, அப்புறம் பள்ளிக்கூடம். இதில் எதைக் கூட்டிப் போட வேண்டும்? மணிக்கணக்கைச் சரியாகப் போட்டாலே போதும். சாணி வாசம் அடித்தால் கல்லூரிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொள்வான் என்று நினைக்கிறீர்கள் போல. அந்தக் கூச்சம் அவனுடையதல்ல, நம்முடையது.

இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். பத்துக் கட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை என்று கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறவன் தம்பிதான், அவனே உட்கார்ந்து எழுதட்டும். ஆலோசகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டார், இருந்தாலும் கேளுங்கள்.