தலைதீபாவளி விருந்துக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு இந்த வருடம் தலைதீபாவளி. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். தீபாவளியன்று மதியம் சம்பந்தி வீட்டார், எங்கள் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று 120 பேருக்கு வீட்டிலேயே பஃபே விருந்து வைக்க ஆசை. கேட்டரிங்காரர் ஒருவர் 22 அயிட்டங்களுக்குத் தட்டு ஒன்றுக்கு 520 ரூபாய் சொல்கிறார். ஜி.எஸ்.டி., பந்தல், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்தால் 75,000 ரூபாய் ஆகிறது. சேமிப்புக் கணக்கில் 28,000 இருக்கிறது. மாதம் 7,000 மிச்சம் பிடிக்க முடியும். கணவரின் போனஸ் துணிமணிக்கும் மாப்பிள்ளை மோதிரத்துக்கும் சரியாகிவிடும். 14 மாதங்களுக்கு முன் 7% வட்டிக்குப் போட்ட 1,50,000 ரூபாய் எஃப்.டி. ஒன்று உண்டு, மூன்று வருட டெபாசிட். அதை உடைக்கலாமா, இல்லை மீதிப் பணத்தைக் கிரெடிட் கார்டில் தேய்த்து இ.எம்.ஐ. ஆக்கிவிடலாமா? தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்களுக்குக் குறைவது 47,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதில் பாதி அந்த 22 அயிட்டங்களுக்குள் இருக்கிறது. முதலில் மெனுவைப் பார்ப்போம், கடனைப் பிறகு பேசலாம்.

பெரியவர் ஒருவர் விருந்தில் எவ்வளவு சாப்பிட்டாலும் சமைத்த உணவாக 600 முதல் 700 கிராம்தான். அயிட்டம் கூடினால் வயிறு கூடாது. ஆனால் பஃபேயில் எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள் என்பதால், ஒவ்வொரு அயிட்டத்தையும் 120 பேருக்கும் சமைத்தாக வேண்டும். ஆளுக்கு வெறும் 60 கிராம் என்று வைத்தாலும் 22 அயிட்டங்களுக்கு 1,320 கிராம் வருகிறது. சாப்பிடுவதைப்போல இரண்டு மடங்கு. மிஞ்சும் பாதிக்கும் தட்டு விலையில் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

அடுத்தது தலைக்கணக்கு. 120 என்பது அழைப்புக் கணக்கு. ஒரு நோட்டை எடுத்துக் குடும்பம் குடும்பமாக எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: பெரியவர், பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை, சைவம். உதாரணத்துக்கு 95 பெரியவர், 25 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு அரைத் தட்டு என்றால் முழுத் தட்டுக் கணக்கில் 108 வரும். சைவக் கட்டத்தை நிரப்பும்போது கேதார கௌரி நோன்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசை தீபாவளியன்றே வருகிற வருடங்களில் நோன்பு இருப்பவர்கள் அன்று கறி தொட மாட்டார்கள். சைவம் 18 என்று கொண்டால், அசைவம் 90.

இந்த 108 தட்டுக்கு என் பரிந்துரை இது. அதிரசம், மட்டன் பிரியாணி, காய்கறி பிரியாணி, சிக்கன் வறுவல், அவித்த முட்டை, எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி, வெள்ளைச் சோறு, ரசம், தயிர், அப்பளம், சேமியா பாயசம். பன்னிரண்டு அயிட்டம். பரோட்டா, மீன் வறுவல், இடியாப்பம் மூன்றையும் இதில் சேர்க்கவில்லை. இவை சுடச்சுடச் சாப்பிட வேண்டியவை. பஃபே மேசையில் பத்து நிமிடம் இருந்தால் பரோட்டா ரப்பராகும், மீன் எண்ணெய் வடிந்து சில்லிடும். அவற்றுக்கென்று தனி ஆள், தனி அடுப்பு வைத்தால்தான் சரிவரும், அது தனிச் செலவு.

அளவுகளைச் சொல்கிறேன். சீரகச் சம்பா ஒரு கிலோ, கூட வெள்ளைச் சோறும் இருக்கும் விருந்தில் ஒன்பது பேருக்குத் தாராளமாக வரும். ஆக 90 பேருக்கு 10 கிலோ அரிசி, 10 கிலோ மட்டன். கறியை 40 கிராம் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். கிலோவுக்கு 25 துண்டு, மொத்தம் 250. ஆளுக்கு இரண்டு துண்டு வைத்தால் 180 போக, மறுபடி கேட்பவர்களுக்கு 70 கையிருப்பு இருக்கும். துண்டின் எடையைச் சொல்லாமல் விட்டால் சில துண்டு 80 கிராமும் சில துண்டு வெறும் எலும்புமாக வரும். பின்னால் வருகிறவர்கள் தட்டில் வெறும் சோறுதான் விழும். சிக்கன் 9 கிலோ, முட்டை 100. காய்கறி பிரியாணி 18 பேருக்குத்தானே என்று 2 கிலோ அரிசி போடாதீர்கள். கறி சாப்பிடுகிறவர்களும் ஒரு கரண்டி எடுப்பார்கள், கடைசியில் சைவக்காரர்களுக்கு இருக்காது. இது ஏறக்குறைய எல்லா வீட்டு பஃபேயிலும் நடக்கிற தவறு. 3 கிலோ போட்டு, சைவ அயிட்டங்களைக் கொஞ்சம் தள்ளித் தனி மேசையில் வையுங்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பொன்னி 4 கிலோ. பாயசம் ஆளுக்கு 100 மில்லி, அதற்குப் பால் 8 லிட்டர். தயிர் பிரியாணிக்கும் பச்சடிக்கும் சேர்த்து 10 கிலோ.

இனி பணம். கீழே வருபவை உத்தேச விலைகள். கடையில் கேட்டு உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மட்டன் கிலோ 950 என்றால் 9,500. சிக்கன் 280 வீதம் 2,520. முட்டை 700. அரிசி எல்லாம் சேர்த்து 2,080. எண்ணெய் 6 லிட்டர், நெய் 1 கிலோ, இரண்டுக்கும் 1,660. வெங்காயம், தக்காளி, கத்திரிக்காய், இஞ்சி, பூண்டு, புதினா வகையறா 3,500. மசாலா, பருப்பு 1,800. பால், தயிர், பாயசச் சாமான் 2,050. அதிரசம் 130, ஒன்று 15 ரூபாய் வீதம் 1,950. சாமான் செலவு மொத்தம் 25,760.

சமையல் மாஸ்டருக்கும் மூன்று உதவியாளருக்கும் பண்டிகைக் கூலி 9,000, பரிமாறவும் கழுவவும் ஆளுக்கு 3,000. பந்தல், 60 நாற்காலி, மேசை, அண்டா, அடுப்பு, பஃபே செட் வாடகை 9,000. 19 கிலோ வணிக சிலிண்டர் 1,900. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை மாஸ்டர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விருந்துச் சமையலுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை, பெரிய அடுப்பின் தேவைக்கு அதன் வாயு ஓட்டமும் போதாது. தட்டு, டம்ளர், தண்ணீர் கேன் ஆறு, எல்லாம் 1,500. ஆக 50,160. தீபாவளி வாரத்தில் கறி விலையும் காய் விலையும் ஏறும். அதற்காக 3,000 தனியாக ஒதுக்கினால் 53,000 சொச்சம்.

75,000 எங்கே, 53,000 எங்கே. இப்போது உங்கள் கையிருப்பைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கு 10,000 விட்டுவிட்டு 18,000 எடுக்கலாம். மூன்று மாத மிச்சம் 21,000. கூட்டினால் 39,000. குறைவது 14,000தான்.

அந்த 14,000க்கு எஃப்.டி.யை உடைக்க வேண்டியதில்லை. அதே வங்கியில் அந்த எஃப்.டி.யின் மீது கடன் கேளுங்கள். டெபாசிட் தொகையில் 90% வரை தருவது வழக்கம். வட்டி உங்கள் எஃப்.டி. வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும். 9% என்றே வைத்தாலும், தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாதம் 7,000, 7,000 கட்டி அடைத்தால் மொத்த வட்டி சுமார் 160 ரூபாய். உங்கள் ஒன்றரை லட்சமும் 7% வட்டியில் அசையாமல் இருக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: அது வரிச் சேமிப்புக்கான ஐந்து வருட டெபாசிட்டாக இருந்தால் கடன் கிடைக்காது. நீங்கள் மூன்று வருடம் என்று எழுதியிருப்பதால் அந்தச் சிக்கல் இருக்காது.

உடைத்தால் என்ன ஆகும்? 7% உங்களுக்குக் கிடைக்காது. பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியைத்தான் தருவார்கள், அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருட டெபாசிட் வட்டி அப்போது 6.75% ஆக இருந்து, அபராதம் 1% என்றால் உங்கள் கைக்கு வருவது 5.75%. 14 மாதத்தில் இழப்பு ஏறக்குறைய 2,200 ரூபாய். விருந்துக்குப் போக மிஞ்சியதை மறுபடி டெபாசிட் செய்யும்போது அன்றைய வட்டிதான் கிடைக்கும்.

கிரெடிட் கார்டு இன்னும் மோசம். 47,000 ரூபாயை 12 மாத இ.எம்.ஐ.யாக 16% வட்டியில் மாற்றினால் மாதம் 4,264 ரூபாய். வட்டி மட்டும் 4,170 சொச்சம், அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. 750, அதற்குமேல் செயலாக்கக் கட்டணம். இ.எம்.ஐ. ஆக்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டினால், மாதம் 3.5% வட்டியில் முதல் மாதமே ஜி.எஸ்.டி.யோடு 1,940 ரூபாய் போகும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

மூன்று மாத மிச்சத்தை ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், போடலாமா என்று யோசிப்பீர்கள். பெரும்பாலான வங்கிகளில் ஆர்.டி.யின் குறைந்தபட்சக் காலம் ஆறு மாதமோ ஒரு வருடமோ. ஆகவே வீட்டுச் செலவுக்குத் தொடாத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றே போதும்.

வீட்டில் ஆள்கட்டு இல்லை, கேட்டரிங்தான் முடியும் என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் பேரத்தைத் தட்டு விலையில் நடத்தாதீர்கள். பஃபேயில் தட்டை எண்ணித்தான் பில் போடுவார்கள். ஒரே ஆள் பாயசத்துக்கு இன்னொரு தட்டு எடுத்தால் அது இரண்டாவது ஆள். 120 பேர் வந்த இடத்தில் 145 தட்டுக்குப் பில் வருவது இப்படித்தான். இனிப்புக்குத் தனியாகச் சின்னக் கிண்ணம் வைக்கச் சொல்லுங்கள், இரண்டாவது தட்டுக்குக் காசு இல்லை என்று எழுதி வாங்குங்கள். 12 அயிட்டத்துக்கு விலை கேளுங்கள். உத்தரவாத எண்ணிக்கை, அதாவது ஆள் குறைந்தாலும் நீங்கள் பணம் கட்டியாக வேண்டிய தட்டு, 120 வேண்டாம், 95 போதும், அதற்குமேல் வருகிற தட்டுக்கும் அதே விலை என்று பேசுங்கள். குழந்தைக்கு அரை விலை, மிஞ்சிய உணவு வீட்டுக்கே, முன்பணம் கால்வாசிக்குமேல் இல்லை. ஜி.எஸ்.டி. 5% கேட்டால் எண்ணோடு கூடிய பில் தர வேண்டும்.

நீங்களே நடத்துவதானால் மூன்று இடங்களில் பணம் கசியும். முதலாவது பிரியாணி அண்டா. பத்துக் கிலோவையும் ஒரே அண்டாவில் போட வேண்டாம். ஆறு கிலோ ஒன்று, நான்கு கிலோ ஒன்று. முதல் அண்டாவைப் பன்னிரண்டரைக்குத் திறக்கிற மாதிரி தம் போடுங்கள். இரண்டாவதற்கு மசாலா தடவிய கறி பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கட்டும். பதினொன்றரைக்குள் எத்தனை குடும்பம் கிளம்பியிருக்கிறது என்று போனில் தெரிந்துவிடும். ஆள் குறைந்தால் அண்டாவையும் குறைக்கலாம். சமைக்காத கறியை மறுநாள் குழம்பு வைக்கலாம், தம் போட்ட பிரியாணியை ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, மேசை. மட்டன் பிரியாணி, சிக்கன் இரண்டுக்கும் கரண்டி பரிமாறுபவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்றவற்றை விருந்தினரே எடுத்துக்கொள்ளட்டும். நூறு பேருக்கு ஒரே வரிசை என்றால் கடைசி ஆளுக்கு அரை மணிக்குமேல் ஆகும், சலிப்பில் ஒரே தடவையில் குவித்து எடுப்பார்கள், பாதி குப்பைக்குப் போகும். மேசையின் இரு பக்கமும் வரிசை விடுங்கள். சோறு, ரசம், தயிரைக் கடைசியில் தனி மேசைக்குத் தள்ளுங்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களை மட்டும் வரிசையில் நிற்க விடாதீர்கள். பஃபே எத்தனை வசதியானாலும், அவர்கள் இருபது பேருக்கு உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுவதுதான் மரியாதை. அதற்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாக ஆகலாம், தாராளமாகச் செய்யுங்கள்.

மூன்றாவது, மழை. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. துணிப் பந்தல் மட்டும் பேசினால் அன்று காலை தார்ப்பாய்க்கு அலைய வேண்டும், கேட்கிற வாடகையைக் கொடுக்க வேண்டும். மேலே தார்ப்பாய், அடுப்புக்கு மேல் தகரக் கூரை என்று இப்போதே பேசி, சேர்த்தே விலை வாங்குங்கள். அடுப்பும் சிலிண்டரும் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும் பக்கம் இருக்கக் கூடாது.

தீபாவளிக்கு மாஸ்டர்களும் தங்கள் வீட்டில் இருக்கத்தான் விரும்புவார்கள். ஆகவே இந்த வாரமே ஒருவரைப் பேசி 2,000 முன்பணம் கொடுத்துவிடுங்கள். கறிக்கடையில் பத்து நாள் முன்பே எடை, துண்டு அளவு, விலை மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள், அதிகாலை ஐந்து மணிக்கு எடுக்கிற மாதிரி. வங்கிக்கு அவசரம் இல்லை. எஃப்.டி. ரசீதோடு தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு போனால் போதும், அதற்குள் உங்களுக்குத் தேவைப்படுவது 14,000ஆ இன்னும் குறைவா என்பதும் தெரிந்திருக்கும்.