பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? வாசகர் கேள்வியும் நம்ம பதிலும்

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்த கேள்விங்கள்ல ஸ்போர்ட்ஸ் கார் பத்திதான் நிறைய. புதுசா வாங்க காசு இல்ல, ஆனா ஆசை போகல, அதனால செகண்ட் ஹேண்ட். நியாயமான ஆசைதான். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

கேள்வி: சார், எனக்கு வயசு 28, கையில 6 லட்சம் இருக்கு. ஆபீஸ் போக வர வேற வண்டி இருக்கு, ஞாயித்துக்கிழமை வால்பாறை ஏறுறதுக்கு மட்டும் ஒரு ஸ்பீடான வண்டி வேணும். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கவா, ஃபியட்டோட அபார்த் புன்டோ வாங்கவா? ஃபியட் வாங்கினா நடுரோட்டுலதான் நிப்பேன்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க. (கோவை வாசகர்)

தம்பி, கறாரா பாத்தா இது ரெண்டுமே ஸ்போர்ட்ஸ் கார் இல்ல, சின்ன கார்ல பெரிய இன்ஜின் வச்சது. ஆனா ஆழியார்லேருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்க இந்த மாதிரி சின்ன வண்டிதான் சிரிக்க வைக்கும், பெரிய வண்டி வச்சிருக்கறவன் எதிர்ல பஸ் வந்தா மூச்சைப் பிடிச்சிட்டு நிப்பான்.

2013ல வந்த ஜிடி டிஎஸ்ஐல 1.2 லிட்டர் டர்போ, 105 ஹார்ஸ்பவர், தானா கியர் மாத்தற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். இன்ஜின் பத்தி எனக்கு பெரிய கவலை இல்ல, கவலை எல்லாம் அந்த கியர்பாக்ஸ் மேலதான். அது டிரை கிளட்ச் டைப், ஆயில்ல ஊறாத கிளட்ச், நம்ம ஊரு வெயில்லயும் சிக்னல் டிராஃபிக்லயும் ஊர்ந்து ஊர்ந்து போனா சூடாகும். மெக்கட்ரானிக்ஸ்னு சொல்ற கன்ட்ரோல் யூனிட் போச்சுன்னா பில் லட்சத்துல வரும். டெஸ்ட் டிரைவ்ல கால் மணி நேரமாவது டிராஃபிக்ல ஊர விடுங்க, ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு மாறும்போது உதறுதா, டேஷ்போர்டுல கியர் எழுத்து மினுக்குதா, ரிவர்ஸ் போட்டா யோசிச்சிட்டு விழுதான்னு பாருங்க. ஏதாவது ஒண்ணு இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஓனர் "அது அப்படித்தான் சார், எல்லா டிஎஸ்ஜியும் அப்படித்தான்"னு சொல்லுவார். எல்லா டிஎஸ்ஜியும் அப்படி இல்ல.

அபார்த் புன்டோ 2015ல வந்தது, 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ, 145 ஹார்ஸ்பவர், 5 ஸ்பீடு மேனுவல், நாலு வீல்லயும் டிஸ்க் பிரேக். ஸ்டியரிங் ஹைட்ராலிக், ரோடு என்ன பண்ணுதுன்னு கைக்கு அப்படியே தெரியும், இந்த சுகம் இப்ப வர்ற எலக்ட்ரிக் ஸ்டியரிங்ல கிடையாது. இதுல டைமிங் பெல்ட்தான், செயின் இல்ல, கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தாலும் ரப்பர் வயசாகும், அதனால பெல்ட் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளுங்க, பில் இல்லன்னா மாத்தலன்னே எடுத்துக்கிட்டு அந்தக் காசை விலையில கழிங்க. ஃபியட் இந்தியாவுல கார் விக்கறதை நிறுத்திட்டாங்க, உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுல பாதி நிஜம். சாதா புன்டோவுக்கும் ஃபியட்டோட இன்னொரு காரான லீனியா டி-ஜெட்டுக்கும் இதுக்கும் பொதுவா இருக்கற பார்ட்ஸ் தேடினா கிடைக்கும், ஆனா அபார்த்துக்குன்னே வந்த பம்பர், வீல் இதெல்லாம் உடைஞ்சா அலைச்சல்தான்.

என்னைக் கேட்டா உங்க உபயோகத்துக்கு அபார்த். ஆனா வண்டி வாங்கறதுக்கு முன்னாடி ஃபியட் தெரிஞ்ச மெக்கானிக்கைத் தேடிப் பிடிங்க, கோயம்புத்தூர் ரேஸ் வண்டிக்குப் பேர் போன ஊரு, கரி ஸ்பீடுவே ரேஸ் டிராக் பக்கத்துலயே இருக்கு, ஆள் கிடைக்காம போகாது. அப்புறம் அந்த 6 லட்சத்தையும் வண்டி மேலயே போட்டுடாதீங்க, ஒரு லட்சம் ஒன்றரை லட்சம் தனியா எடுத்து வச்சிட்டு மீதிக்கு வண்டி தேடுங்க. டயர், பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்னு முதல் ஆறு மாசத்துலயே அது கரைஞ்சிடும்.

கேள்வி: அண்ணே, டெல்லி நம்பர்ல 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், 60 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்காம், 18 லட்சம் சொல்றாங்க. இங்க புது எஸ்யூவியே அந்த விலை. என்.ஓ.சி. ரெடின்னு டீலர் சொல்றார். அட்வான்ஸ் போட்டுடவா? (சென்னை அண்ணா நகர் வாசகர்)

போடாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

டெல்லில ஏன் சீப்புன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். 10 வருஷம் தாண்டின டீசல், 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி அங்க ஓடக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிச்சு, அதுக்கப்புறம் அந்த விதியில அப்பப்ப மாத்தம் வந்துக்கிட்டு இருக்கு. அதனால அங்க இருக்கறவங்க பழைய வண்டியை வெளி மாநிலத்துக்குத் தள்ளத்தான் பாப்பாங்க. உங்க பாக்ஸ்டருக்கு 2022லயே 15 வயசு முடிஞ்சிருச்சு. ஆர்.சி. உயிரோட இருக்கா? எம்-பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டுப் பாருங்க, எத்தனாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். ஆர்.சி. புதுப்பிக்க இம்போர்ட் காருக்கு 2022லேருந்து 40 ஆயிரம் ரூபாய் ஃபீஸ், வயசு கூடினா அதுவும் கூடும்.

என்.ஓ.சி.ன்னா வண்டியை வேற ஊருக்கு மாத்த டெல்லி ஆர்.டி.ஓ. குடுக்கற தடையில்லாச் சான்று, அது எந்த ஆர்.டி.ஓ. பேருக்கு ரெடி? அது ஒரு குறிப்பிட்ட ஆபீஸ் பேரைப் போட்டுத்தான் வரும், வேற ஊருக்கு வாங்கி வச்சிருந்தா திரும்ப டெல்லிக்கு அலையணும். அடுத்தது நம்ம ஊரு வரி. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல விலை உள்ள புது காருக்கு 2023 நவம்பர்லேருந்து 20 சதவீதம் ரோடு டாக்ஸ், பழைய வண்டிக்கு வயசுக்கு ஏத்தபடி குறையும், ஆனா கணக்கு போடறது வண்டி புதுசா இருந்தப்ப உள்ள விலையை வச்சு, நீங்க குடுக்கற 18 லட்சத்தை வச்சு இல்ல. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் எவ்வளவு வரும்னு கேட்டு அதை 18 லட்சத்தோட கூட்டுங்க. டெல்லி நம்பரோடவே ஓட்டிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா மறு பதிவு பண்ணியே ஆகணும்.

சரி, பேப்பர் எல்லாம் ஓகேன்னு வைங்க. இப்ப வண்டி. பாக்ஸ்டர்னாலே எல்லாரும் பயமுறுத்தறது ஐ.எம்.எஸ். பேரிங். இன்ஜினுக்குள்ள இருக்கற ஒரு ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங் அது, அது உடைஞ்சா இன்ஜினே காலி. 2000லேருந்து 2005 வரைக்கும் வந்த வண்டிங்கள்லதான் இந்தப் பிரச்சினை ஜாஸ்தி. 2006லேருந்து 2008 வரைக்கும் வந்ததுல பெரிய சைஸ் பேரிங் போட்டாங்க, அது உடையறது ரொம்ப கம்மி, ஆனா மாத்தணும்னா இன்ஜினை ரெண்டா பிரிச்சாத்தான் முடியும். 2009லேருந்து வந்த புது டிசைன் இன்ஜின்ல அந்த ஷாஃப்ட்டே கிடையாது, அதனாலதான் அதுக்கு விலை கூட. உங்க 2007 மோசமான வருஷம் இல்ல. ஆயில் ஃபில்டரைக் கழட்டி வெட்டிப் பாக்கச் சொல்லுங்க, உலோகத் துகள் மின்னினா அத்தோட பேச்சை முடிச்சிக்கலாம்.

அதை விட எனக்கு சந்தேகம் அந்த 60 ஆயிரம் கிலோமீட்டர் மேலதான். சேசிஸ் நம்பரைக் குடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி கேளுங்க, அங்கயே காசு கட்டி முழு இன்ஸ்பெக்‌ஷனும் பண்ணிடுங்க. இன்ஜினை எத்தனை தடவை லிமிட் தாண்டி முறுக்கியிருக்காங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு டீலர் ஒத்துக்கலைன்னா வண்டி எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இன்னும் சிலது. முன்னாடி பம்பருக்குள்ள ரெண்டு பக்கமும் ரேடியேட்டர் இருக்கு, அதுல இலை தழை அடைச்சு அழுகி ஓட்டை விழும். துணிக் கூரை மடியற இடத்துல தண்ணி போற ஓட்டை இருக்கும், அது அடைச்சா மழைத் தண்ணி சீட்டுக்கு அடியில இறங்கும், அலாரம் கன்ட்ரோல் யூனிட்டும் அங்கதான் குடியிருக்கு, கார்பெட்டைத் தூக்கி கையை வச்சுப் பாருங்க. டயர்ல நாலு நம்பர் இருக்கும், 3219னா 2019ம் வருஷம் 32வது வாரம் தயாரிச்சது, டிரெட் புதுசு மாதிரி இருந்தாலும் ஆறு வயசு தாண்டினா நாலையும் மாத்தற செலவைக் கணக்குல சேருங்க. இப்ப பங்க்ல வர்ற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காக செஞ்ச வண்டி இல்ல இது, பழைய ஃப்யூல் ஹோஸ் எல்லாத்தையும் செக் பண்ணணும். பேட்டரி செத்தா முன்னாடி பானெட்டே திறக்காது, பேட்டரி இருக்கறது அதுக்குள்ள, அது எலக்ட்ரிக் லாக்! ஃப்யூஸ் பாக்ஸ் வழியா கரன்ட் குடுத்துத் திறக்கணும், ஜெர்மன்காரன் புத்தியை என்ன சொல்ல.

எல்லாத்துலயும் பாஸ் ஆச்சுன்னா வாங்குங்க, ஓட்ட அவ்வளவு அருமையான வண்டி. ஆனா வருஷா வருஷம் பராமரிப்புக்கு கையில காசு இருக்கணும். இன்னைக்கு 18 லட்சத்துக்குக் கிடைச்சாலும் பார்ட்ஸ் விலை போர்ஷே விலைதான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பிஎம்டபிள்யூ இசட்4 ஒண்ணைப் பாத்துட்டு வந்ததுலேருந்து தூங்க மாட்டேங்கறார். சென்னை வண்டி. வெள்ளத்துல மாட்டவே இல்லன்னு விக்கறவங்க சத்தியம் பண்றாங்க. எப்படி கண்டுபிடிக்கறது? (மதுரை வாசகி)

சத்தியத்தை விடுங்கம்மா. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிச்சாங் புயல்லயும் சென்னைல பார்க்கிங்ல நின்ன கார் ஏகப்பட்டது மூழ்கிச்சு. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, யாரும் அந்த நுனியைக் கழுவ மாட்டாங்க, சேறு கறை இருந்தா அங்க தெரிஞ்சிடும். சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி வைக்கற குழியில மண்ணு, ஹெட்லைட்டுக்குள்ள தண்ணிக் கோடு, ஏசி போட்டதும் ஈர வாடை, இதெல்லாம் பாருங்க. உள்ள சென்ட் வாசனை தூக்கலா அடிச்சா கூடுதலா சந்தேகப்படுங்க. இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஹிஸ்டரியை ஓனரையே கம்பெனிக்கு மெயில் போட்டு வாங்கித் தரச் சொல்லுங்க.

அந்த மடங்குற ஹார்ட் டாப்பை மூணு நாலு தடவை திறந்து மூடிப் பாக்கணும், நடுவுல சிக்கினா சின்ன செலவு இல்ல. 35ஐ மாடல்னா ஹை பிரஷர் ஃப்யூல் பம்ப் தகராறு பண்றது ஊரறிஞ்ச விஷயம், மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. இன்ஜினை நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, "இன்னொரு நாள் வர்றோம்"னு சொல்லிட்டு வந்துடுங்க. கோல்ட் ஸ்டார்ட்லதான் சத்தமும் புகையும் வெளிய வரும். வீட்டுக்காரரை இதுக்கு அனுப்பாதீங்க, ஆசைப்பட்டவருக்கு எதுவும் கண்ணுல படாது. நீங்களே ஒரு மெக்கானிக்கோட போங்க.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல இருக்கேன். 9 வருஷமான மஸ்டா எம்எக்ஸ்-5 விலை கம்மியா வருது. எடுக்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

கார்னு பாத்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். 1989லேருந்து வர்ற வண்டி, உலகத்துல அதிகம் வித்த ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், பார்ட்ஸ் எங்கயும் கிடைக்கும், ரிப்பேரும் சுலபம். 2015க்கு அப்புறம் வந்த மாடல்ல ஆரம்ப வருஷங்கள்ல கியர்பாக்ஸ் புகார் இருந்துச்சு, அதனால மேனுவல்னா ரெண்டாவது மூணாவது கியர்ல சத்தம் வருதான்னு மட்டும் காது குடுத்துக் கேளுங்க.

ஆனா உங்க ஊர்ல காரை விட சிஓஇதான் விலை, அதாவது கார் வச்சுக்க அரசாங்கத்துக்கிட்ட வாங்கற உரிமைச் சான்று. அது 10 வருஷத்துக்குத்தான், இன்னும் ஒரு வருஷம்தான் மிச்சம். அப்புறம் அந்த நேரத்து பிரீமியத்தைக் கட்டி 5 வருஷமோ 10 வருஷமோ புதுப்பிக்கணும். 5 வருஷம் எடுத்தா திரும்ப நீட்டிக்க முடியாது. புதுப்பிச்சாலே கார் ஸ்கிராப் பண்ணும்போது வர்ற ரிபேட்டும் போயிடும், 10 வயசுக்கு மேல ரோடு டாக்ஸ்ல 10 சதவீதம் கூடுதல், அது ஏறி ஏறி 50 சதவீதம் வரைக்கும் போகும். அதனால மொத்த விலையைப் பாக்காதீங்க, வருஷத்துக்கு எத்தனை டாலர்னு வகுத்துப் பாருங்க. அந்தக் கணக்குல பல சமயம் 5, 6 வருஷமான வண்டியே லாபமா வரும்.

கேள்வி: துபாய்ல மஸ்டங் பாதி விலைக்குக் கிடைக்குது, கப்பல்ல கொண்டு வந்துடலாமா? (திருச்சி வாசகர்)

முடியாது. அங்க ஓடறது லெஃப்ட் ஹேண்ட் டிரைவ், இங்க பழைய கார் இறக்குமதி பண்ணணும்னா ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. அதுக்கு மேல வரி வேற, வண்டி விலையையே தாண்டிடும். இங்கயே 2016லேருந்து ஃபோர்டு கம்பெனி வலது பக்க ஸ்டியரிங்ல வித்த மஸ்டங் ஜிடி இருக்கு, அதைத் தேடுங்க. 5 லிட்டர் வி8, பெட்ரோல் செலவைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: வாங்கப் போற வண்டில ஏற்கனவே ரீமேப்பும் (பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தறது) சத்தமான எக்ஸாஸ்ட்டும் போட்டிருக்கு. நமக்கு லாபம்தானே? (சேலம் வாசகர்)

லாபம் இல்ல, தலைவலி. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சு. போலீஸ் ஃபைன் சின்ன விஷயம், ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் இதையே காரணம் காட்டி க்ளெய்மை இழுத்தடிப்பான். அதோட ரீமேப் பண்ணின டர்போ வண்டியை யாரும் மெதுவா ஓட்டியிருக்க மாட்டாங்க, கிளட்சும் டர்போவும் தேஞ்சிருக்கும். ஒரிஜினல் எக்ஸாஸ்ட்டைக் கையில குடுத்து, சாஃப்ட்வேரை பழையபடி மாத்தித் தந்தாத்தான் வாங்குவேன்னு சொல்லுங்க. அப்புறம் ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவர் கூடவே போயிடும், அதனால "50 பர்சன்ட் என்.சி.பி. இருக்கு சார்"னு அதுக்கும் சேத்து விலை சொன்னா குடுக்காதீங்க. வண்டி கைமாறி 14 நாளுக்குள்ள பாலிசியை உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க.