ரசீது வேறு, உத்தரவு வேறு

அரசு அலுவலகம் எடுத்த முடிவை எதிர்த்து எங்கே போவது, எப்படிப் போவது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டேன். அனுப்பியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் போதும்.

கேள்வி: அப்பா பெயரில் இருந்த ஒன்றரை ஏக்கர் பட்டாவில், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பெரியப்பா மகன்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வருடமாகத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறேன். ஏழு ரசீது இருக்கிறது. இனி என்ன செய்வது? (வாசகி, மணப்பாறை)

அம்மா, அந்த ஏழு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். ஆனால் எட்டாவது மனு கொடுக்கப் போகாதீர்கள். குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனு நாலு மேஜை சுற்றி, கடைசியில் பெயரைச் சேர்த்த அதே தாலுகா ஆபீஸுக்குத்தான் அறிக்கை கேட்டுப் போகும். அங்கிருந்து ஒரு வரியில் பதில் வரும், மனு முடிந்ததாகக் கணக்கு. ரசீது என்பது நீங்கள் வந்து போனதற்குச் சாட்சி, அவ்வளவுதான். கோர்ட்டோ மேலதிகாரியோ ரத்து செய்வது உத்தரவைத்தான், அந்த உத்தரவு இன்னும் உங்கள் கையில் இல்லை.

பட்டாவில் ஒரு பெயர் தானாக ஏறாது. யாரோ விண்ணப்பித்து, யாரோ விசாரித்ததாக எழுதி, தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதல் உத்தரவு போட்டிருப்பார்கள். அதன் நகலை முதலில் கேளுங்கள். தரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அதில் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்க வேண்டாம், அதற்குப் பதில் வராது. இந்த சர்வே எண்ணுக்கான பட்டா மாறுதல் உத்தரவு நகல், அதற்கு அடிப்படையான ஆவணங்களின் நகல், எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அந்த நோட்டீஸும் அது சேர்ந்ததற்கான அத்தாட்சியும், இவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திலும் போகலாம்.

உத்தரவு கைக்கு வந்ததும் நேராக ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 1983-ஆம் வருடத்துப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் தாசில்தார் உத்தரவை எதிர்த்து ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மேல்முறையீடு உண்டு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. உத்தரவு இன்ன தேதியில்தான் எனக்குத் தெரியவந்தது என்று எழுதி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். உங்கள் முக்கியமான வாதம், நோட்டீஸ் தரவில்லை என்பது. ஒரிசாவில் பீனாபாணி தே என்ற அரசு மருத்துவரின் பிறந்த தேதியை, விசாரணை அறிக்கையைக்கூட அவருக்குக் காட்டாமல் மாற்றி, ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அது வெறும் நிர்வாக முடிவுதான் என்றது அரசு. நிர்வாக முடிவே ஆனாலும் ஒருவருடைய உரிமையைப் பாதிக்குமானால் அவர் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கும் அதே நியாயம்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெரியப்பா மகன்கள் இது பூர்வீகச் சொத்து, எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னால், அந்தக் கேள்வியைத் தாசில்தாரும் தீர்க்க முடியாது, அரசு உத்தரவை எதிர்த்து நேரடியாகப் போடுகிற ரிட் மனுவில் ஹைகோர்ட்டும் தீர்க்காது. சாட்சி விசாரித்து, பத்திரம் பார்த்து முடிவு செய்கிற சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வருகிற தீர்ப்புப்படி பட்டா மாற்றப்படும். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலேயே இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் செய்தால் எங்கே போவது என்று சொல்வார்கள்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் தம்பி, அங்கே அரசாங்க முடிவை எதிர்க்கவென்றே தனி நீதிமன்றம் இருப்பதாகச் சொல்கிறான். நம் நாட்டில் அப்படி உண்டா? (வாசகர், புதுச்சேரி)

பிரான்சில் உண்டு ஐயா. சாதாரண சிவில், கிரிமினல் கோர்ட்டுகளோடு கலக்காத நிர்வாக நீதிமன்றங்கள் ஒரு தனி வரிசையாகவே இருக்கின்றன. அவற்றின் உச்சியில் இருப்பது 1799-இல் நெப்போலியன் காலத்தில் உண்டான கோன்செய் தெத்தா. பொதுவாக முடிவு தெரிவிக்கப்பட்ட இரண்டு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தம்பிக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அந்தக் கெடுவை முதலில் நினைவுபடுத்துங்கள்.

இங்கே அந்தப் பொதுவான ஏற்பாடு இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவுப்படி ஹைகோர்ட்டில் போடுகிற ரிட் மனுதான் நமக்கு நிர்வாக நீதிமன்றம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை ஹைகோர்ட், மணப்பாறை அம்மாவுக்கு மதுரைக் கிளை. 2004-இல் அந்தக் கிளை வருவதற்கு முன்னால், கன்னியாகுமரியில் ஒருவருக்கு ஆர்.டி.ஓ. உத்தரவில் குறை என்றால் அதற்கு ராத்திரி பஸ் ஏறிச் சென்னை போக வேண்டும். தனித் தீர்ப்பாயங்கள் சில துறைகளுக்கு மட்டும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கென்று 1988-இல் தொடங்கிய தீர்ப்பாயம் 2006-இல் மூடப்பட்டது, அந்த வழக்குகளும் ஹைகோர்ட்டுக்கே வந்துவிட்டன.

கேள்வி: அனுமதி இல்லாமல் மாடி கட்டியதாகச் சொல்லி, மூன்று நாளில் இடிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. (வாசகர், தாம்பரம்)

பதற வேண்டாம், ஆனால் ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் வர வேண்டும், நேரில் விசாரிக்க வேண்டும், காரணம் எழுதி இறுதி உத்தரவு போட வேண்டும், அதற்குப் பிறகும் 15 நாள் காத்திருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மீறி இடித்தால் அதிகாரி தன் சொந்தப் பணத்தில் ஈடு செய்ய நேரலாம். இன்றைக்கே பதில் எழுதி, நேரில் விசாரிக்கக் கேட்டு, பெற்றுக்கொண்ட சீல் வாங்குங்கள். ஒரு நகலைப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். நகர ஊரமைப்புச் சட்டப்படி அரசிடம் முறையிட வழி இருக்கிறது. அதற்குக்கூட நேரம் தராமல் மண் அள்ளும் இயந்திரம் வாசலுக்கு வரும் நிலை என்றால் ஹைகோர்ட்டில் தடை கேட்கலாம்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கோர்ட் உங்களுக்கு நேரமும் முறையான விசாரணையும் வாங்கித் தரும், இல்லாத பிளான் அனுமதியை வாங்கித் தராது. கட்டியது சாலை, நடைபாதை, ஏரி, வாய்க்கால் இடத்தில் என்றால் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பும் பொருந்தாது.

கேள்வி: தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். 2011-இல் சம்பளத்தைத் தவறாக நிர்ணயித்துவிட்டோம் என்று சொல்லி, 1,85,000 ரூபாயைத் திரும்பப் பிடிக்க உத்தரவு போட்டிருக்கிறார்கள். உத்தரவு வந்து பத்து மாதம். நான்கு மாதம் முன்பு கோரிக்கை மனு அனுப்பினேன், பதில் இல்லை. காத்திருக்கலாமா? (வாசகர், காரைக்குடி)

காத்திருக்காதீர்கள் ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கே பதற்றமாகிவிட்டது. மத்திய அரசு ஊழியர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், அதன் சென்னை அமர்வு. 1985-ஆம் வருடத்துச் சட்டப்படி இறுதி உத்தரவிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பதில் வராத மனுவுக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டு அதன்பின் ஒரு வருடம் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். உத்தரவு தேதியிலிருந்து எண்ணிக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. கட்டணம் 50 ரூபாய்.

உங்கள் பக்கம் நல்ல தீர்ப்பு இருக்கிறது. 2014-இல் ரஃபீக் மஸி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், சி, டி பிரிவு (கீழ்நிலை) ஊழியர்களிடமிருந்தும், ஐந்து வருடத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த தொகையையும் பிடிக்கக் கூடாது என்றது. சம்பள நிர்ணயத்தின்போது, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள், போட்டிருந்தால், அப்படிப்பட்டவரிடம் பிடிக்கலாம் என்று 2016-இல் வந்த ஜக்தேவ் சிங் தீர்ப்பை எதிர்த்தரப்பு காட்டும்.

மனு மேல் மனு போட்டால் கெடு நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். மதுரையில் நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பெரியவர் மஞ்சப்பை நிறையப் பழைய மனுக்களோடு வந்தார். ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்து, ஒவ்வொன்றிலும் அதே கோரிக்கை. வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பையை அவர் திரும்ப மடித்து எடுத்துப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்தே போன ஜேக்கப் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது, செத்துப்போன கோரிக்கைக்குப் புது மனு உயிர் கொடுக்காது.

கேள்வி: ஹைகோர்ட்டில் ஜெயித்தேன். என் விண்ணப்பத்தை 12 வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு. ஆறு மாதம் ஆகிறது, அதிகாரி அசையவில்லை. (வாசகர், திண்டுக்கல்)

உத்தரவின் சான்றிட்ட நகலை அந்த அதிகாரிக்குப் பதிவு செய்த தபாலில் அனுப்பினீர்களா? அவருக்கு நகல் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் முதல் பதிலே "எங்களுக்குத் தெரியாது" என்பதுதான். அத்தாட்சி இருந்தால், 12 வாரம் முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும். அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது என்பார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பது தடை உத்தரவு ஆகாது, தடை வாங்கியிருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பரிசீலிக்கச் சொன்ன உத்தரவு என்றால், அவர் பரிசீலித்து "முடியாது" என்று எழுதினாலும் அவமதிப்பு ஆகாது. ஆனால் அப்படி எழுதியதும் உங்களுக்குப் புதிதாக ஒரு உத்தரவு கிடைக்கிறது, அதில் அவர் எழுதிய காரணங்களோடுதான் அவர் நிற்க வேண்டும். பின்னால் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று 1977-லேயே மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அந்தக் கடிதம் வந்ததும் உறையையும் சேர்த்து எடுத்து வையுங்கள், அதன் மேல் இருக்கும் தபால் முத்திரைத் தேதி வேண்டியிருக்கும்.