கட்டுரை எழுதும்போது மனதில் ஓடுவதைப் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பதிவு செய்தால் உண்மையில் ஏதாவது தெரிய வருமா?

கேட்டவர் கல்வியியலில் ஆய்வு செய்கிறார். சத்தமாக யோசிக்க வைக்கும் முறையைப் பயன்படுத்தும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறாராம். 13 வயதுப் பிள்ளைகளிடம் இது சரிவருமா என்பது அவருடைய சந்தேகம்.

சரிவரும். ஆனால் நான் முதலில் செய்த இரண்டு பதிவுகளையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பிழை பிள்ளைகளில் இல்லை, என்னில்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கொழும்பில் தமிழ் படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிப்ளோமா ஆய்வுக்காகத் தரம் 8 பிள்ளைகள் ஆறு பேரை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஒவ்வொருவராக வரச் சொல்லி, 'ஒரு மழை நாள்' என்ற தலைப்பில் எழுத வைத்தேன். பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். மேசையில் கொப்பி, பேனை, பக்கத்தில் பதிவு செய்ய என் பழைய ஃபோன். முதல் வந்த பையன் ஒரு வசனத்தை எழுதிவிட்டு வெட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி வெட்டினீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"மிஸ், முன்னுரையில உவமை வரவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை, எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். பதிவை ஓட விட்டுக் கேட்டால் நான் வகுப்பில் சொன்னதெல்லாம் அவன் வாயால் திரும்பி வருகிறது. இரண்டாவது பிள்ளையிடமும் அதே கூத்து.

இந்த முறைக்கு ஒழுங்கான அடித்தளம் போட்டவர்கள் ஆண்டர்ஸ் எரிக்சன், ஹேர்பர்ட் சைமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள். 1980இல் ஒரு நீண்ட கட்டுரை, 1984இல் அதை விரித்து ஒரு நூல். அவர்கள் பிரிக்கும் பிரிவு எளிமையானது. மனதில் ஏற்கெனவே சொல்லாக ஓடுவதை அப்படியே வெளியே விடுவது ஒரு வகை. காட்சியாகவோ மணமாகவோ இருப்பதைச் சொல்லாக்கிச் சொல்வது இன்னொரு வகை. இதில் வேலை கொஞ்சம் மெதுவாகும், ஆனால் யோசனை போகும் வழி மாறாது. மூன்றாவது, காரணம் சொல்வது, விளக்குவது. இங்கேதான் வழியே மாறிவிடுகிறது. 2011இல் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்விலும் இதே மாதிரித்தான் வந்தது: வெறுமனே வாய்விட்டு யோசித்தவர்களின் முடிவுகளில் மாற்றம் இல்லை, நேரம்தான் கூடியது. விளக்கமும் சொல்லும்படி கேட்கப்பட்டவர்களின் முடிவுகள் மாறின, பெரும்பாலும் நல்ல பக்கமாக. படிப்பிக்கிறவருக்கு அது நல்ல செய்தி, ஆய்வு செய்கிறவருக்குத் தலையிடி.

ஆகவே "ஏன்" என்ற சொல்லை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். "என்ன யோசிக்கிறீங்கள்?" என்றும் கேட்க வேண்டாம், அதுவும் பதில் சொல்ல வைக்கிற கேள்விதான். பிள்ளை சிறிது நேரம் வாயை மூடியிருந்தால் "கதைச்சுக்கொண்டே எழுதுங்கோ" என்று ஒரே வசனம், ஒரே குரலில். நான் பிறகு பிள்ளையின் முதுகுப் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தால் சரியா பிழையா என்று தேடுகிறார்கள்.

தொடங்க முன் ஒரு பயிற்சி தேவை. எரிக்சனும் சைமனும் தரும் பயிற்சிகளில் ஒன்று, உங்கள் பெற்றோர் வீட்டில் எத்தனை யன்னல் என்று எண்ணுவது. பிளாட்டில் வளர்ந்த ஒரு பையன் உடனே "மூண்டு" என்றான். அவ்வளவுதான், உள்ளே என்ன நடந்தது என்பதற்குத் தடயமே இல்லை. சரி, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் எத்தனை என்று கேட்டேன். "விறாந்தையில ரெண்டு... சாமியறைக்க இல்ல... பொறுங்கோ, குசினிக்க ஒண்டு, கம்பி போட்டது..." என்று வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டான். இந்த முறை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. பழகிப்போய்த் தானாக வருவது வாய்க்கு வராது. தடக்குப்படும் இடங்கள்தான் வரும். பரவாயில்லை, எழுத்தில் நமக்கு வேண்டியதும் அந்த இடங்கள்தானே.

இனி அந்த மழை நாள். ஐந்தாவதாக வந்த பிள்ளை வகுப்பில் எப்போதும் அரைப் பக்கம்தான் எழுதுவா. அவவின் கொப்பியில் வருடம் முழுக்க நான் சிவப்புப் பேனையால் எழுதியது ஒன்றுதான்: 'சொந்த அனுபவம் இல்லை'. பதிவில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"மழை... அண்டைக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸுக்குள்ள தண்ணி ஒழுகினது, அம்மா உள்ளுக்கையே குடையை விரிச்சவ, எல்லாரும் சிரிச்சவை... (பேனைச் சத்தம்) அம்மா... பேருந்தினுள்... பேருந்தினுள்ளே? குடையினை... விரித்தாள். அம்மாவுக்கு 'ஆள்' போடக் கூடாது. விரித்தார்... அனைவரும்... (12 வினாடி அமைதி) என்ன சொல்ல வந்தனான்? சீ, வேண்டாம்."

வெட்டுகிற சத்தம். அதற்குப் பதிலாகக் கொப்பியில் இருந்தது: 'மழைக்காலத்தில் மக்கள் பெரிதும் இன்னலுறுவர்.'

அனுபவம் இல்லாத பிள்ளை இல்லை. பஸ்ஸுக்குள் குடை விரித்த அம்மா அவவிடம் இருந்தா. பேச்சுத் தமிழில் முழுசாக வந்த வசனத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றப் போனதில் அந்தச் சிரிப்பு கை நழுவிப்போனது. விகுதியிலும் வேற்றுமை உருபிலும் மனம் மாட்டிக்கொண்டிருந்தபோது வசனத்தின் மற்றப் பாதி மறந்துவிட்டது. பாடமாக்கிய வசனத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அது ஏற்கெனவே எழுத்துத் தமிழில் இருக்கிறது. கொப்பியை மட்டும் பார்த்திருந்தால் இதை நான் ஓய்வூதியம் எடுக்கும்வரை கண்டிருக்க மாட்டேன்.

எழுத்தில் இந்த முறையைக் கையாண்ட ஆரம்ப ஆய்வுகளில் பெயர்பெற்றது ஜெனட் எமிக் 1971இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 12ஆம் வகுப்பு மாணவர் எட்டுப் பேர்தான். ஐந்தாறு பேர் போதுமா என்று யாராவது உங்களைக் கேட்டால் அதைச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து, 1981இல், ஃப்ளவர், ஹேய்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதுவதைத் திட்டமிடல், எழுத்தாக்கல், மீள்பார்த்தல் என்று மூன்று வேலைகளாகப் பிரித்தார்கள். இவை வரிசையாக வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து திரும்பத் திரும்ப வருகின்றன என்பதுதான் அவர்கள் பதிவுகளிலிருந்து எடுத்துக் காட்டியது. நானும் அந்த மூன்றை வைத்துத்தான் குறிக்கத் தொடங்கினேன். ஆனால் நம்முடைய பிள்ளைகளுக்கு எழுத்தாக்கலுக்குள், பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதற்கு 'மாற்றல்' என்று தனியாக ஒரு குறி போடாமல் முடியவில்லை. கொழும்புப் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஒரு படி கூட: ஒருவன் 'ஹெவி ரெயின்' என்று தொடங்கி, 'பெரிய மழை' என்று சொல்லிப் பார்த்து, பிறகுதான் 'அடைமழை'க்கு வந்தான். ஆகவே எந்த மொழியிலும் கதைக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அறைக்குள் தாயோ தகப்பனோ இருக்கக் கூடாது. ஒரு அம்மா தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்ததும் அந்தப் பிள்ளை மேடைத் தமிழுக்கு மாறிவிட்டது. பிறகு இறங்கவே இல்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் வீடு. ஒலிவாங்கியைச் சட்டையில் குத்தாமல் பதிவு செய்யாதீர்கள். மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோ என் ஆறு பதிவில் நாலில் இருக்கிறது. ஒன்றில் பிள்ளை "ஐயோ, மாலு பாண்" (மீன் வைத்த பணிஸ்) என்று எழுதுவதை நிறுத்திவிட்டது. அதையும் அழிக்காமல் எழுதி வைத்தேன், அதுவும் தலைக்குள் ஓடியதுதானே.

20 நிமிடப் பதிவை எழுத்தில் இறக்க எனக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போனது. இறக்கும்போது நம் கை தன்பாட்டில் 'விரிச்சவ'வை 'விரித்தார்' ஆக்கிவிடும், தமிழ் ஆசிரியர் என்றால் நிச்சயம் ஆக்கும். முதல் பதிவில் பாதிவரை அப்படித் திருத்திக்கொண்டே போய், பிறகு திரும்ப இருந்து கேட்டேன்.

எழுதி முடித்த பிறகு கேட்டால் போதாதா, எதற்கு இவ்வளவு பாடு என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்க மாட்டார், மற்றவர்கள் கேட்பார்கள். நானும் அதைச் செய்து பார்த்தேன். ஒரு கிழமை கழித்து அந்தப் பிள்ளையிடம் கொப்பியைக் காட்டி, வெட்டிய இடத்தில் என்ன எழுத வந்தீங்கள் என்று கேட்டேன். "எழுத்துப்பிழை வந்திருக்கும் மிஸ்" என்றா. பதிவைப் போட்டுக் காட்டினேன். குடை வந்த இடத்தில் சிரித்துவிட்டு, "இதை நானே சொன்னனான்?" என்று கேட்டா.