கவர் கொடுக்கும் மேசை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். லார்ப் என்ற வேட விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறவன் நான். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் லார்ப் வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம் முடியும். சுமார் 120 பேர் வருவார்கள். போன தடவை ஆட்டக்காரர்களுக்குக் கவர் கொடுப்பதிலேயே வெள்ளி இரவு போய்விட்டது. ஒருவர் கவருக்குள் இன்னொருவரின் ரகசியம் இருந்தது, சிலருக்கு ஆட்டக்காசு குறைந்தது, இரண்டு பேருக்குக் கவரே இல்லை. வரிசை வாசலைத் தாண்டிப் போனது. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் நள்ளிரவுக்குத்தான் தொடங்கியது.

இந்த முறை அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழுவில் பாதிப் பேர் காகிதமே வேண்டாம், எல்லாவற்றையும் போனுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் கையில் கவர் வாங்காமல் அது என்ன லார்ப் என்கிறார்கள். கவருக்குள் எதை வைப்பது, எப்படி அடுக்குவது, எப்படிக் கொடுப்பது, வராதவர்களின் கவரை என்ன செய்வது? கொஞ்சம் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

காகிதமா போனா என்ற சண்டையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் சொன்ன கோளாறுகளை வரிசையாகப் பாருங்கள். கவர் மாறியது, காசு குறைந்தது, கவர் இல்லாமல் போனது, இவையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு முன்பே நடந்து முடிந்தவை. வெள்ளி இரவு அவை வெளியே தெரிந்தன, அவ்வளவுதான். தெரிந்த இடத்திலேயே அவற்றைத் தீர்க்க உட்கார்ந்தீர்கள், பின்னால் நூறு பேர் காத்திருந்தார்கள். என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: கவர் கொடுக்கிற மேசையில் எதையும் தீர்க்கக் கூடாது, அங்கே கொடுக்க மட்டும்தான் வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

லார்ப் தெரியாமல் இதை வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. வேடம் போட்டுக்கொண்டு, எழுதிவைத்த வசனமும் பார்வையாளரும் இல்லாமல், எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் கதாபாத்திரமாக ஓரிரு நாள் நடமாடும் விளையாட்டு அது. நீ யார், உன்னிடம் என்ன இருக்கிறது, மற்றவருக்குத் தெரியாத எது உனக்குத் தெரியும் என்பதையெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கையில் கொடுப்பதுதான் இந்தக் கவர்.

உள்ளே என்ன வைப்பது என்பது நீங்கள் எந்த மாதிரி லார்ப் நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவீடன், நார்வே போன்ற நோர்டிக் நாடுகளின் பாணியில் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்களே கதாபாத்திரத்தை எழுதி, ஆட்டத்துக்கு வெகுமுன்பே அனுப்பிவிடுவார்கள். 2014-இல் போலந்தின் சோஹா கோட்டையில் தொடங்கிய காலேஜ் ஆஃப் விசார்ட்ரி என்ற மந்திரப் பள்ளி லார்ப்பிலும் எழுதிய கதாபாத்திரம் முன்கூட்டியே வந்துவிடும், பிடிக்காததை ஆட்டக்காரர் மாற்றிக்கொள்ளலாம். பிரிட்டனின் பெரிய முகாம் லார்ப்கள் வேறு ரகம். அங்கே கதாபாத்திரத்தை ஆட்டக்காரரே உருவாக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார், ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் எடுத்த முடிவுகளின் பலன்தான் பொதியாகக் கைக்கு வரும். 2013 முதல் நடக்கும் எம்பயர் என்ற லார்ப்பில் ஆட்டக்காசு, மூலிகை, மந்திரப் படிகம் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தனித்தனியாகப் பொதி போடுகிறார்கள். முதல் பாணியில் கவரின் கனம் எழுத்தில் இருக்கிறது, இரண்டாவதில் எண்ணிக்கையில். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டையும் ஒரே கவரில் திணித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

அப்படித் திணிக்க வேண்டாம். நீளமான எழுத்து எதுவாக இருந்தாலும், பின்கதை, உறவுகள், உலக வரலாறு, விதிகள் எல்லாமே மூன்று நான்கு வாரம் முன்பே மின்னஞ்சலில் போய்விட வேண்டும். பயணக் களைப்போடு வந்து, கூடாரம் அடித்து, பாதி வேடம் போட்ட நிலையில் எட்டுப் பக்கத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். வாசித்தாலும் மனதில் நிற்காது. முன்கூட்டியே அனுப்ப முடியாதவைக்கு மட்டும்தான் கவரில் இடம்: காசு, பொருள் அட்டைகள், கைப்பட்டை, கடைசி நிமிடம் வரை கசியக் கூடாத ரகசியம், இடத்தின் வரைபடம். கூடவே பாதுகாப்புச் சொற்கள் அச்சிட்ட ஒரு சின்ன அட்டை. நோர்டிக் லார்ப்களில் ஆட்டத்தை அப்படியே நிறுத்த 'கட்', கொஞ்சம் தணிக்க 'பிரேக்' என்ற இரண்டு சொற்கள் பழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, எல்லோர் கையிலும் ஒரே அட்டை இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்குள் கையில் வைத்திருக்கக் கூடியதையும் வெளியே உள்ளதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வண்டி நிறுத்தும் அனுமதிச் சீட்டும் அரசனின் ஓலையும் ஒரே கவரிலிருந்து வந்தால் ஓலைக்கு என்ன மரியாதை? அதைவிட முக்கியம், யாராவது அந்தக் கவரைத் திருடுவதும் ஆட்டத்துக்குள் நடக்கும், உண்மையான பெயரும் போன் எண்ணும் உள்ள தாள் திருடன் கைக்குப் போகக் கூடாது. அதனால் இரண்டு கவர், ஒன்றுக்குள் ஒன்று. மருத்துவக் குறிப்பு, ஒவ்வாமை விவரம் இரண்டிலும் வேண்டாம், அது முதலுதவி பார்ப்பவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இப்போது பலரும் யோசிக்காத ஒரு விஷயம், கவரின் தடிமன். உங்கள் ஆட்டத்தில் துரோகி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரு தாள் வந்திருக்க அவருக்கு மட்டும் நான்கு தாள் வந்தால், வரிசையில் பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துவிடுவார். அவர் கெட்டவர் இல்லை, பார்க்காமலிருக்க முயற்சியும் செய்வார், ஆனால் கண்ணுக்குப் பட்டதை மனது விடாது. நீங்கள் மாதக்கணக்கில் யோசித்து வைத்த ரகசியம் ஆட்டம் தொடங்குமுன்பே போச்சு. இதற்குச் செலவில்லாத வழி, எல்லா உள் கவரிலும் ஒரே எண்ணிக்கையில் தாள் வைப்பது. ரகசியம் இல்லாதவருக்கும் ஊர் வதந்தி, பழைய கணக்கு, எதற்கும் உதவாத ஒரு கடிதம் என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள். அது வீணாகப் போகாது, அந்த உதவாத கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் ஒருவர் தன் கதையை ஓட்டுவார் பாருங்கள். கவரின் நிறம், முத்திரை, கையெழுத்து எல்லாவற்றிலும் இதே கவனம் வேண்டும். இன்னொன்று, எல்லா ரகசியத்தையும் வாசலிலேயே கொடுத்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பாதியை எடுத்துவைத்து, ஆட்டத்துக்குள் ஒரு தூதன் சனிக்கிழமை மதியம் கொண்டுவந்து கொடுப்பது போலச் செய்யலாம். உங்கள் வெள்ளிக்கிழமைச் சுமை குறையும், தூதனுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

சரி, அடுக்குவது. முதலில் ஒரு கடைசித் தேதி வையுங்கள், பத்து நாள் முன்பு என்றாவது. அதற்குப் பிறகு கதாபாத்திரத்தில் மாற்றம் கேட்பவருக்குப் பதில், "செய்கிறோம், ஆனால் உங்கள் கவரில் பழையதுதான் இருக்கும், இங்கே வந்து திருத்திக்கொள்ளுங்கள்." இதைச் சொல்ல உங்கள் குழுவில் தயங்காத ஒருவர் தேவை. தயங்குகிறவர் கையில் பட்டியல் இருந்தால் வியாழன் இரவு வரை அச்சடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கவரைப் பெயரால் அடுக்காதீர்கள். ஒரே பெயரைப் பதிவில் ஒரு விதமாகவும் மின்னஞ்சலில் வேறு விதமாகவும் எழுதுவார்கள், சிலர் கதாபாத்திரப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், சிலர் பதிவு செய்த நண்பரின் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். தொடர் ஆட்டமாக இருந்தால் ஆட்டக்காரர் எண், பின்னால் புள்ளி வைத்துக் கதாபாத்திர எண். ஒருவர் கதாபாத்திரம் செத்துப்போய்ப் புதிதாக ஒன்றோடு வந்தாலும் முன்னெண் மாறாது. நீங்களே எழுதிக் கொடுக்கும் ஆட்டமாக இருந்தால் எண் கதாபாத்திரத்துக்கு, ஏனென்றால் கடைசி வாரத்தில் ஆள்தான் மாறுவார், வேடம் மாறாது. அந்த எண்ணை மின்னஞ்சலில் அனுப்பி, வரும்போது சொல்லச் சொல்லுங்கள். மறந்து வருபவர்களுக்காகப் பெயர் வரிசையில் ஒரு பட்டியல் மேசையில் இருக்கட்டும், எழுத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தபடி, வரிசையில் நிற்பவர் கண்ணில் படாதபடி.

நிரப்பும்போது எல்லோருக்கும் பொதுவான பொருளை ஒரு விதமாகவும் தனிப்பொருளை வேறு விதமாகவும் போட வேண்டும். வரைபடம், பாதுகாப்பு அட்டை மாதிரிப் பொதுவானவற்றுக்கு 120 கவரையும் வரிசையாக விரித்துவைத்து, ஆளுக்கு ஒரு பொருளோடு நடந்துபோய்ப் போட்டுவிடலாம். தனிப்பொருளை அப்படிப் போட்டால் ஒரு கவர் தவறியதும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஒன்று தள்ளிப்போகும். உங்கள் ரகசியம் மாறியது இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தனிப்பொருளுக்கு ஒரு கவர் எடுத்து, அதை முடித்து, மூடி, பிறகு அடுத்தது. உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் சீட்டு ஒவ்வொரு கவரிலும் போகட்டும், நிரப்பியவர் ஒரு டிக், சரிபார்க்கும் வேறொருவர் ஒரு டிக். நிரப்பியவரே சரிபார்ப்பது சரிபார்ப்பு இல்லை. ஒரே அளவுக் காசுகள் நிறைய இருந்தால் எண்ணுவதைவிட எடைபோடுவது வேகம். இங்க்ஜெட்டில் அச்சடித்த தாள் நனைந்தால் மை ஊறிப் படர்ந்துவிடும், அதனால் லேசர் அச்சு, ஜிப்லாக் கவர்.

குழுத் தலைவரிடம் மொத்தக் கட்டையும் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அவர்தான் வழியில் வண்டி பழுதாகி நள்ளிரவில் வருவார், அவருடைய பத்துப் பேரும் உங்கள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். குழுவின் பொதுச் சொத்தை மட்டும் பெயர் குறித்த ஒருவரின் கவரில் வையுங்கள், மாற்றாள் யார் என்றும் எழுதிவையுங்கள்.

இனி மேசை. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்: 120 பேர், இரண்டு மேசை, ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம் ஆனால் மூன்று மணி நேரம். உங்கள் ஒன்பது மணி ஆட்டம் நள்ளிரவுக்குப் போக இவ்வளவுதான் வேண்டும். அந்த இரண்டு கூடுதல் நிமிடம் எதில் போகிறது என்று பார்த்தால், பேச்சில். "என் வாளுக்கு அட்டை இல்லையே", "என் தங்கச்சி வேஷம் யார் போடுறாங்க?", "போன தடவை நான் சொன்னது என்ன ஆச்சு?" எல்லாம் நியாயமான கேள்விகள், ஆனால் கேட்கிற இடம் அது இல்லை. பக்கத்திலேயே, ஆனால் கொஞ்சம் தள்ளி, மூன்றாவதாக ஒரு மேசை போடுங்கள். விதி தெரிந்தவர், காலி அட்டை, உபரிக் காசு, பேனா, மடிக்கணினி எல்லாம் அங்கே. கவர் மேசையில் இருப்பவர் சொல்ல வேண்டியது எண்ணை உறுதிசெய்துகொள்ளும் ஒரு வரியும், எந்தச் சிக்கலுக்கும் "அந்த மேசையில் கேளுங்கள்" என்பதும்தான். அதனால் அந்த நாற்காலியில் எல்லாம் தெரிந்தவரை உட்காரவைக்காதீர்கள். தெரிந்தவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத, சிரித்த முகத்தோடு ஒருவர் போதும். விளையாட்டு ஆயுதங்களைச் சோதிப்பதையும் இந்த வரிசையோடு கோக்க வேண்டாம், அது வேறு வேகத்தில் போகிற வேலை.

வாங்கியவர் அங்கேயே நின்று பிரித்து எண்ண வேண்டியதில்லை. பட்டியல் சீட்டு உள்ளேயே இருக்கிறது. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பு வரை குறை சொல்லலாம், அதற்குப் பிறகு வரும் குறையை ஆட்டத்துக்குள் நடந்த திருட்டாகவே எடுத்துக்கொள்வோம் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். கொஞ்சம் கறார்தான், ஆனால் ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்கவே செய்யும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். முன்பே அனுப்ப வேண்டிய எழுத்துக்குப் போன் மிக நல்லது, அதில் உங்கள் நண்பர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு பொருள் கை மாற வேண்டும், பறிபோக வேண்டும், புதைக்கப்பட வேண்டும், கோபத்தில் கிழிக்கப்பட வேண்டும். இதையெல்லாம் பிடிஎஃப் கோப்பில் செய்ய முடியாது. படைத்தலைவன் அங்கியை விலக்கித் திரையைத் தடவித் தன் சொத்தைப் பார்ப்பது எனக்குச் சகிக்காது, அது என் ரசனை என்று விட்டுவிடுங்கள். ஆனால் முகாம்களில் சிக்னலும் சார்ஜும் கிடைக்காமல் போவது ரசனை சம்பந்தப்பட்டதில்லை. நவீன காலத்தில் நடக்கும் கதையென்றால் போன் ஒரு வேடப்பொருளாகவே ஆகிவிடும், அங்கே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வராதவர்களின் கவர்: வெள்ளி இரவு பிரிக்காதீர்கள், தாமதமாக வருபவர் எப்போதும் உண்டு. சனி காலை கதை எழுதும் குழுவிடம் மூடியபடியே கொடுத்துவிடுங்கள். அந்தக் கவருக்குள் வேறு மூன்று பேர் தேடப்போகும் சாவியோ கடிதமோ இருந்தால், அதை எப்படி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மீதிக் காசை எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள், தெரிந்தவர் கேட்டார் என்று எடுத்துக் கொடுத்தால் உங்கள் ஆட்டத்தின் பொருளாதாரம் ஞாயிறுக்குள் கவிழ்ந்துவிடும். ஞாயிறு மதியம் கிளம்பும்போது காசையும் அட்டையையும் திரும்பப் போட அதே இடத்தில் ஒரு பெட்டி வையுங்கள், அதற்கு வரிசையும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா