ராத்திரில பியானோ வாசிக்க முடியலன்னு கேட்டவருக்கு

வணக்கம் சகோ, வேலை முடிஞ்சு சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கிற வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு வந்து அமைதியான பியானோ இசை வாசிக்க ஆசையா இருக்கு, ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. உங்க அப்ரைட்ல (நிமிர்ந்து நிக்கிற பியானோல) நடு பெடல் இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல அத அழுத்தி ஓரமா தள்ளுனா உள்ள இருக்கிற சுத்தியலுக்கும் அது தட்டுற கம்பிக்கும் நடுவுல ஒரு ஃபெல்ட் துணி (தடிமனான கம்பளித் துணி) இறங்கும், சத்தம் நல்லாவே அடங்கும். பெர்லின்ல பியானோ கலைஞர் நில்ஸ் ஃப்ராம் 2011ல போட்ட ஆல்பமும் இப்படித்தான், ராத்திரி அக்கம்பக்கத்துக்கு தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு கம்பில ஃபெல்ட் வச்சு, மைக்க ரொம்ப கிட்ட கொண்டுபோய் பதிவு பண்ணாரு, அதுல கட்டை அசையிற சத்தம், மூச்சு சத்தம் கூட கேக்கும், எனக்கு உசுரே அதுலதான் இருக்கு, யாரோ நமக்காக மட்டும் பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி. அவசரப்படாம ஒரு நோட்டு அடங்கினதும் அடுத்தத தொடுங்க. அப்புறம் பியானோ சக்கரத்துக்கு அடியில ரப்பர் கப் வைங்க, கீழ் வீட்டுக்கு அதிர்வு தரை வழியாவும் போகும்.