சொல் கேளுங்கள்: தீர்க்கதரிசி

கேள்வி: 'தீர்க்கதரிசி' என்பதில் வரும் 'தீர்க்க', பிரச்சினையைத் தீர்ப்பதா? 'ஞானதிருஷ்டி'யும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. 'தீர்' என்ற தமிழ் வினைக்கும் இதற்கும் உறவில்லை. சமஸ்கிருத 'தீர்க்க' என்றால் நீண்ட. தீர்க்காயுளில் இருப்பதும் அதே சொல்தான். 'தரிசி', பார்ப்பவர். ஆக, நெடுந்தொலைவு பார்ப்பவர். சமஸ்கிருதத்தில் இது முன்யோசனை உள்ளவரையே குறித்தது. அற்புத சக்தி கட்டாயமில்லை. 'காந்தி ஒரு தீர்க்கதரிசி' என்று எழுதுகிறோமே, அது இந்தப் பழைய பொருள்.

இறைவாக்கு உரைப்பவர் என்ற பொருளைப் பரப்பியது தமிழ் விவிலியம். அங்கே இது கிரேக்க 'ப்ரொஃபேட்டேஸ்' என்பதற்கு ஈடாக நிற்கிறது. கிரேக்கச் சொல்லோ பேசுவதைச் சுட்டுகிறது, நம் சொல் பார்ப்பதைச் சுட்டுகிறது! இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. 1 சாமுவேல் 9:9, இன்று தீர்க்கதரிசி எனப்படுபவன் முற்காலத்தில் 'ஞானதிருஷ்டிக்காரன்' எனப்பட்டான் என்கிறது. பார்வைப் பொருள் அந்தச் சொல்லுக்குத்தான் நேராகப் பொருந்தும்.

ஞானதிருஷ்டிக்குக் காலம் முக்கியமில்லை: கண்ணுக்கு மறைந்தது நேற்றையதோ இன்றையதோ நாளையதோ, எதுவும் அதில் அடங்கும். எதிர்காலத்தை மட்டும் சொல்ல 'முன்னுணர்வு' போதும். இப்படிப் பார்ப்பவருக்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் தொல்காப்பியத்துக்குப் போங்கள். மூவகைக் காலமும் உணர்ந்தவரை, வெற்றியைப் பாடும் வாகைத் திணையில் 'அறிவன்' என்கிறது. எவ்வளவு எளிய சொல்!

எழுதும்போது 'தீர்கதரிசி' என்று ஒற்றைக் குறைக்காதீர்கள்.